கீழுதட்டில் ஒரு நூல்

2024 ஜூன் 18, செவ்வாய்

இடது கடைவாயும் வலிக்கத் தொடங்கிவிட்டது. வலது பக்கம் கீழே இரண்டு பல் இல்லாமல் இரண்டு வருடமாக இடது பக்கத்தை நம்பித்தான் ஓட்டினேன். இன்று மதியம் பீன்ஸ் பொரியலை மென்றபோது சுருக்கென்று காது வரை ஏறியது. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நூல் மூட்டைகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஆலையில் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். "சாருக்கு நம்மகூட உக்காந்து திங்கக் கௌரவக் கொறச்சல்" என்று பேச்சு. பேசட்டும். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இருபத்தாறு வருடமாகச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியில் பிசிறு பார்க்கிறவனுக்கு என்ன கௌரவம் மிச்சம்? மேனேஜர் நாற்காலியில் முதலாளியின் சகலை மகன் உட்கார்ந்திருக்கிறான். நூலின் கனத்தைச் சொல்லும் கவுண்ட் என்றால் என்னவென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

நான் ஏன் தனியாகச் சாப்பிடுகிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். எனக்கே மறந்துபோய்விடக் கூடாது.

போன இரண்டு பல்லுக்குப் பதில் புதுப் பல் வைக்க மதுரைக்குப் போனேன். அந்த டாக்டர் தட்டையான ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஈறை நீளமாகக் கிழித்து, கைவாக்கில் எலும்பைத் துளைத்துப் பல்லைத் தாங்கும் திருகை இறக்கினார். அது நரம்பில் போய் உட்கார்ந்தது. எட்டு மாதம் கீழுதட்டின் வலது பாதி எனக்குச் சொந்தமில்லை. காப்பி வழிந்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். திருகைக் கழற்றிய பிறகு உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உதட்டுக்குக் கீழே நாடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் மரத்துக் கிடக்கிறது.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் இராஜபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. என் நாடியில் ஒரு சோற்றுப் பருக்கை. எனக்குத் தெரியவில்லை. எதிர்வரிசையில் ஏழு பேர் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் என் மகள் இந்து எங்கிருந்தோ வந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டாள், கைக்குழந்தைக்குத் துடைப்பது போல. அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை.

ஏழு பேரின் பெயரும் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பெயர் மாரிச்சாமி. என் மனைவியின் அண்ணன். "நம்ம ஆளுதான் மாப்ள, கண்ணை மூடிட்டு வா" என்று மதுரைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

ஜூன் 23, ஞாயிறு

இந்துவுக்கு இடம் முடிந்தது. வத்திராயிருப்புப் பையன், பெயர் விமல். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் கெமிஸ்ட். தகப்பன் இல்லை. தாய் பெத்தம்மாள் ஒருத்திதான் வளர்த்து ஆளாக்கியிருக்கிறாள். ஆவணியில் பூ வைப்பது, தையில் கல்யாணம்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். மாரிச்சாமி மச்சான் வாயைத் திறக்கும் வரை.

"அவிய வீட்டு வழக்கம் தெரியுமா மாப்ள? கல்யாணம் முடிஞ்சு மூணா நாள் கறி விருந்து. எலும்போடதான் இலையில வைப்பாக. பொண்ணப் பெத்தவன் மொதல்ல கடிச்சாத்தான் மத்தவுக கை வைப்பாக. கடிக்காம எந்திச்சா, சம்பந்தம் புடிக்கலன்னு அர்த்தம். இப்பயிருந்தே பல்லைத் தீட்டி வையி!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சண்முகத்தாயும் சிரித்தாள். இந்து மட்டும் சிரிக்கவில்லை. என் நாடியைப் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன்.

ஜூலை 1, திங்கள்

தையில் கல்யாணம். ஏழு மாதத்தில் எலும்பு கடிக்க வேண்டும். இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

இந்து லீவு போட்டு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டர் ஹெப்சிபா. முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த வயதில் என்ன தெரியும் என்ற எண்ணத்தோடுதான் போனேன், மறைப்பதற்கில்லை.

வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் தறியா, தையலா?"

கீழ் முன்பல்லின் விளிம்பில் எனக்கு ஒரு பள்ளம் உண்டு. நூலைக் கடித்துக் கடித்து விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பிசிறை வெட்டக் கத்தரிக்கோல் தேடினேன். "எம்மெஸ்ஸிக்குக் கத்தரி வேணுமாம்ல!" என்று தறிக் கொட்டகையே சிரித்தது. அன்று முதல் பல்தான். இருபத்தாறு வருட வேலைக்குச் சான்றிதழாக என் பல்லில் இருப்பது அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

"மதுரையில ஒருத்தரு செஞ்சதத்தான நீங்களும் செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்ல சார். இதுல கம்ப்யூட்டர்ல மொதல்ல முழுசா செஞ்சு பாத்துட்டு, அப்புறமாத்தான் உங்க வாய்க்குள்ள வருவேன். புடிக்கலன்னா கம்ப்யூட்டரோட நிறுத்திக்கலாம்" என்றார். கோபப்படவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

தாடையை ஒரு தாங்கியில் வைத்து நிற்கச் சொன்னார்கள். இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது, அரை நிமிடம்கூட இல்லை. பிறகு பேனா மாதிரி ஒரு கேமராவைப் பல் பல்லாக நகர்த்தினார். திரையில் என் பற்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. முன்பல் பள்ளமும் முளைத்தது, எங்கள் ஊர் ஏரிக்கரை உடைப்பு மாதிரி பெரிதாக. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 13, சனி

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்று மறுபடி டாக்டரிடம் போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

திரையில் என் தாடை எலும்பு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், ரொட்டி மாதிரி துண்டு துண்டாக அறுத்துப் பார்க்கலாம். எலும்புக்குள் ஓடும் நரம்பை ஆரஞ்சு நிறத்தில் வரைந்திருந்தார். "இதுதான் உங்க உதட்டுக்குப் போற வயர்." அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் என்னை ஊருக்குள் தலை குனிய வைத்தது ஒரு நூல் கனம் கூட இல்லை.

திருகு இரண்டையும் பச்சையில் நிறுத்தினார். எலும்பு எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்த்து, பல் வரவேண்டிய இடத்துக்கு நேராகச் சாய்வைத் திருத்தினார். "நரம்புக்கும் திருகுக்கும் நடுவுல ரெண்டரை மில்லிமீட்டர் விட்டிருக்கேன் சார்."

"பிழை எவ்வளவு?" என்றேன். சோதனைக்கூடத்தில் மாணவனைக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஒரு மில்லிமீட்டர் பக்கம் வரலாம். சுத்தமா பிழையே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்குத்தான் ரெண்டரை."

பிழை எவ்வளவு என்று கேட்டதற்கு எண்ணால் பதில் சொன்ன முதல் வைத்தியர். மதுரையில் இதைக் கேட்டபோது "டாக்டர் நானா நீங்களா?" என்று பதில் வந்தது.

திரையில் போட்ட திட்டம் வாய்க்குள் எப்படி இறங்கும்? அதற்கு ஓர் அச்சு. கண்ணாடி நிறப் பிளாஸ்டிக்கில், கீழ்வரிசைப் பற்கள் எல்லாவற்றின் மேலும் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும். 'கைடு' என்கிறார்கள். திருகு போகும் இடத்தில் மட்டும் துளை, துளைக்கு ஓர் உலோக வளையம். துளைக்கும் கருவி அந்த வளையத்துக்குள் நுழைந்தால் பக்கவாட்டில் சாய முடியாது, குறித்த ஆழத்துக்குக் கீழே இறங்கவும் முடியாது. என் போன்றவர்களுக்கு ஈறைக் கிழித்துத் திறக்கவும் வேண்டாமாம், சின்ன வட்டமாக எடுத்தால் போதும். தையல் இல்லை, வீக்கம் குறைவு. "எல்லாருக்கும் இப்படி முடியாது. உங்களுக்கு எலும்பு நல்லா இருக்கு" என்றார். என்னிடம் நல்லதாக ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "இது இன்னைக்கு உங்களுக்கு இருக்கற பல்லுக்கு அளவெடுத்த சட்டை சார். ஆபரேஷன் வரைக்கும் வேற யாரையும் பல்லுல கை வைக்க விட்டுராதீங்க."

ஆபரேஷன் 22ஆம் தேதி.

ஜூலை 14, ஞாயிறு

22ஆம் தேதி இல்லை. "புதன்கிழம ஆடி பொறக்குது. ஆடியில கத்தி வைக்கவா? அதுவும் கல்யாணத்த வச்சுக்கிட்டு? மாட்டேன்னு சொல்லுங்க" என்று சண்முகத்தாய் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கத்தியே இல்லையடி, துளைதான் என்றால் கேட்கிறாளா? இந்த வீட்டில் படித்த படிப்புக்கு ஏது மரியாதை?

டாக்டருக்கு போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க கிளினிக்கே ஆடியில காத்து வாங்கும் சார்" என்று ஆகஸ்ட் 28 கொடுத்தார்.

ஆகஸ்ட் 7, புதன்

ஆடிப்பூரம். லீவு. சண்முகத்தாயும் இந்துவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. கூட்டத்தில் யாராவது பொரி, கடலை நீட்டுவார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூ வைக்கிற நாளுக்கு யார் யார் வருவது என்று பேச மாரிச்சாமி மச்சான் வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் என் வாயை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, முன்னாடி அது என்ன, எலி கடிச்ச மாதிரி? தறிக்காரன் பல்லுன்னு பாத்ததும் தெரியுதே. அந்தம்மா மகன கெமிஸ்டாக்கி வச்சிருக்கு. நாம என்ன சொல்லிப் பொண்ணு குடுக்கோம்? ஆபீசருன்னுல்ல சொல்லிருக்கேன்! வாயைக் கொஞ்சம் மூடியே சிரி, என்ன?"

ஆபீசர் என்று சொல்லச் சொன்னது யார்? என்னைக் கேட்டாரா? வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னபடியே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பல் கடை. உள்ளே போனேன். பத்து நிமிட வேலை. பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கிவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். பள்ளம் இல்லை.

ஹெப்சிபா டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் திருகு போடப்போவது கடைவாயில். இது முன்பல். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆகஸ்ட் 23, வெள்ளி

பூ வைத்தாயிற்று. வத்திராயிருப்பிலிருந்து வேனில் பன்னிரண்டு பேர். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், அதிகம் பேசவில்லை.

பெத்தம்மாளைத்தான் பிடிக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என்ன ஏளனம் அதில்? மகன் கெமிஸ்ட் என்ற திமிர்தானே? புதுப் பல்லோடு நான் வாய் நிறையச் சிரித்தேன். அவளோ முந்தானையை எடுக்கவே இல்லை.

சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார்கள். விரதம் என்றேன். வெள்ளிக்கிழமை ஆனதால் நம்பினார்கள். தை மாதம் என்ன பொய் சொல்வேன்?

ஆகஸ்ட் 28, புதன்

பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

காலை பத்து மணிக்கே போய்விட்டேன். ஊசி போடுவதற்கு முன்பு அச்சை மாட்டிப் பார்த்தார். உதவிக்கு நிற்கும் முத்துப்பேச்சி, "செத்த நேரம் நல்லாத் தொறங்க அண்ணாச்சி" என்று உதட்டை விலக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் அச்சைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்குகிறது. ஒரு கால் உயர்ந்த நாற்காலி போல் ஆடியது. அச்சில் சின்னச் சின்னதாக ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள், அதன் வழியாகப் பார்த்தால் பல் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். தொடவில்லை.

"சார், இடையில பல்லுல எதுவும் செஞ்சீங்களா?"

இல்லை என்றேன்.

"எங்கயும் காட்டலயே?"

"இல்லன்னு சொல்றேம்லா!"

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். கழுத்துத் துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தேன். கம்ப்யூட்டராம், மில்லிமீட்டராம். மதுரைக்காரனாவது துளை போட்டான். நீங்க அதுகூடப் போடலையே, ஒரு பிளாஸ்டிக் மூடிய ஒழுங்காச் செய்யத் தெரியாதவுகளுக்கு எதுக்கு இம்புட்டு மிஷினு – இதெல்லாம் நான் கத்தியது. வெளியே ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

டாக்டர் ஒன்று மட்டும் சொன்னார். "அமுக்கிப் புடிச்சா ஒருவேளை உள்ள போயிரும் சார். ஆனா நான் அமுக்க மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது நாக்கு முன்பல்லைத் தடவிக்கொண்டே வந்தது. வழவழவென்று இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

தறியில் குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலின் கனம் எவ்வளவு? முன்பல்லில் அந்தப் பல் கடைக்காரன் வைத்தது அதைப்போல் எத்தனை மடங்கு? இயற்பியல் படித்தவன்தானே, கணக்குப் போடு. ஒரு கால் உயர்ந்தால் நாற்காலி ஆடுமா, ஆடாதா?

தெரியும். அங்கேயே தெரியும். முத்துப்பேச்சி உதட்டை விலக்கியபோதே தெரியும்.

ஆகஸ்ட் 31, சனி

இந்துவிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். கடைசி ஆள் போகும் வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். முத்துப்பேச்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னைக்குச் சண்டையா, வைத்தியமா அண்ணாச்சி?" என்றாள். அவள் முகத்தில் பகை இல்லை.

டாக்டரிடம், "பொய் சொல்லிட்டேம்மா" என்றேன்.

"தெரியும் சார். கைடுக்கு அடியில ஒரு கீறல் விழுந்திருந்துச்சு, சரியா அந்தப் பள்ளத்துக்கு நேரா. நீங்க போனப்புறம்தான் பாத்தேன்."

"அமுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உக்காந்த மாதிரி இருந்திருக்கும். முன்னாடி தூக்கிட்டு, பின்னாடி சாஞ்சு. நான் விட்ட ரெண்டரை மில்லிமீட்டரு எங்க போயிருக்கும்னு எனக்கே தெரியாது."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நான் கத்திய கத்தலுக்கு, அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அமுக்கியிருப்பேன். இந்த ஆள் ஒழிந்தால் போதும் என்று அமுக்கித் துளைத்திருப்பேன். கைவாக்கில் போடும் துளைக்குத் தான் தவறுவது தெரியாது. இந்த அச்சு, தவறு என்றால் உட்கார மாட்டேன் என்று சொல்கிறது. உட்கார மாட்டேன் என்று சொல்லும் ஒன்றை நான் என் வாழ்க்கையில் மதித்ததே இல்லை.

மறுபடி அந்தப் பெரிய எக்ஸ்ரே வேண்டாமாம். எலும்பும் நரம்பும் மாறவில்லை, மாறியது ஒரு பல்தான். பேனாக் கேமராவால் மட்டும் மறுபடி எடுத்து, புது அச்சு செய்தால் போதும்.

"வச்சத அப்படியே விட்டும் படம் எடுக்கலாம். இல்ல, அதச் சுரண்டி எடுத்துட்டும் படம் எடுக்கலாம். விளிம்பு சரியில்ல, உதட்டக் கிழிக்கும். அழகா வேற வச்சுத் தரட்டுமா?"

"எடுத்துருங்க. வேற ஒண்ணும் வைக்க வேண்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. திரையில் பள்ளம் மறுபடி முளைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, புதன்

அச்சு உட்கார்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், டப்பா மூடி பொருந்துகிற சத்தம். ஜன்னல் ஒவ்வொன்றையும் டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகுதான் ஊசி.

முக்கால் மணி நேரம், இரண்டு திருகுக்கும் சேர்த்து. வலி இல்லை, அதிர்வு மட்டும். மதுரையில் கன்னம் இரண்டு வாரம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இங்கே தையலே இல்லை. ரத்தம் நிற்கக் கடித்துக்கொள்ள, காஸ் என்கிற மெல்லிய பேண்டேஜ் துணி ஒரு சுருள் கொடுத்தார்கள். நாக்கால் தடவினேன். ஊடை நெருக்கம் போதாது, ஓரம் பிசிறு. எங்கள் ஆலைத் துணி இல்லை. வாய் திறக்க முடியாததால் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் மதுரையிலும் அன்று அப்படித்தான் சொன்னார்கள். "ஊசி மயக்கம் போனதும் உதடு வந்துரும்" என்று சொன்னார்கள். வரவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு மணி. கீழுதடு இல்லை. இரண்டு மணி. இல்லை. இந்துவை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று மணிக்கு, "திரும்பவும் அப்படியாயிருச்சுடி" என்றேன் சண்முகத்தாயிடம். குழறியது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு முழம் எடுத்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள்.

"எங்க தொட்டேன்?"

தெரியவில்லை.

"இப்ப?"

தெரியவில்லை. அவள் எழுந்து போய்க் காப்பி போட்டாள். குடிக்காமல் ஆறிப்போனது. மறுபடி உட்கார்ந்தாள். மூன்றரை. "இப்ப?" இல்லை. நான் மனதுக்குள் மதுரைக்காரனைத் திட்டினேன், மச்சானைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், கடைசியில் என்னையும்.

மூன்றே முக்கால் இருக்கும். உதட்டின் வலது ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினேன். கை அவள் விரலில் முட்டியது.

"நூலுதாங்க," என்றாள்.

ஒற்றை நூல். அதன் முறுக்குகூடத் தெரிகிற மாதிரி இருந்தது எனக்கு. "ஓரத்துல இருந்து நடுவுக்குப் போற" என்றேன். "ஆமா." "நின்னுட்ட." "ஆமா." "இப்ப மேல ஏறுத." நூல் விலகியது. கண்ணைத் திறந்தேன். நூலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆடி ஆடி என்று ஒற்றைக்காலில் நின்றவள். அந்த எட்டு மாதமும் இவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று குறை வைத்திருந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

வீக்கம் இல்லை. ஒரே ஒரு வலி மாத்திரை. வேலைக்குப் போனேன். முதலாளியின் சகலை மகன், அந்த மேனேஜர், "லீவு கேட்டிருந்தீங்கள்ல சார்? நாடகமா?" என்றான். வலித்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் போல.

செப்டம்பர் 20, வெள்ளி

மாரிச்சாமி மச்சான் வந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் கீழ ஒண்ணு ஆடுது மாப்ள. அந்த டாக்டரம்மா நம்பரக் குடேன்."

"தேடிப் பாத்துச் சொல்றேன்" என்றேன். போனில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. திருகு எலும்போடு சேர மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கணினி வேகமாகத் துளைக்கும், எலும்பு அதன் வேகத்தில்தான் வளரும் என்கிறார் டாக்டர். முறுக்கு, சீடை எல்லாம் எல்லோருக்கும். எனக்குப் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பல்லில்லாதவனை நினைத்துத்தான் கண்டுபிடித்தார்களோ?

டிசம்பர் 18, புதன்

பல் வைத்தாயிற்று. இரண்டு. திரையில் பார்த்த அதே இடம், அதே சாய்வு. இடது பக்கத்தையும் அடைத்துச் சரி செய்துவிட்டார். காஸ் துணியின் தரத்தைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

வழியில் கொய்யாக்காய் ஒன்று வாங்கினேன். பழமல்ல, காய். மரத்தடியில் நின்று வலது பக்கத்தில் கடித்தேன். சத்தம் மண்டைக்குள் கேட்டது.

வீட்டுக்கு வந்து கறி விருந்தை நினைத்தேன். பல் வந்துவிட்டது. ஆனால் முப்பது பேர் பார்க்க? நாடியில் அந்தக் காசளவு இடம் இன்னும் மரத்துத்தானே இருக்கிறது?

2025 பிப்ரவரி 5, புதன்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அன்று ஓடியாடும் சாக்கில் பந்தியில் உட்காராமல் தப்பித்தேன். இன்று வத்திராயிருப்பில் கறி விருந்து. தப்பிக்க வழியில்லை.

மாமரத்தடியில் பந்தல். எதிரெதிராக இரண்டு வரிசை. எனக்கு நேர் எதிரே மாரிச்சாமி மச்சான். அவரை யார் அங்கே உட்கார வைத்தார்களோ. இந்து பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலையில் நல்லி எலும்பை வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பந்தி முழுதும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

கடித்தேன். வலது பக்கத்தில். கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. மென்றேன். எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். ஜூனிலிருந்து எட்டு மாதப் பயம், அதற்கு முன் இரண்டு வருடம், ஒரு கடியில் முடிந்துபோயிற்று.

பெத்தம்மாள் குழம்பு வாளியோடு வந்தாள். "நல்லிய ஊசி மாதிரி துப்புரவாக்கிட்டீகளே சம்பந்தி!" என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு கையிலும் வாளியும் கரண்டியும். முந்தானையால் பொத்த முடியவில்லை. மேல் முன்பல்லின் விளிம்பில் ஒரு பள்ளம்.

"தையலா?" என்றேன், என்னையறியாமல்.

முகம் சுருங்கிப் போயிற்று அவளுக்கு. "ஆமாங்க, ஜாக்கெட்டு. இவன் படிச்சு முடிக்கற வரைக்கும். நீங்க ஆபீசருன்னு ஒங்க மச்சான் சொன்னாக. அதான் பொண்ணு பாக்க வந்தப்பல இருந்து இத மறச்சுக்கிட்டே…"

கீழுதட்டை விரலால் இழுத்து என் பள்ளத்தைக் காட்டினேன். "பேண்டேஜ் துணி. இருபத்தாறு வருசம்." வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆகஸ்டிலிருந்து இந்த அம்மாளையும் பழைய டைரியின் அந்த ஏழு பேர் பட்டியலில் எட்டாவதாக எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட வேண்டும்.

நிமிர்ந்தேன். எதிரே மச்சான். மீசையின் இடது நுனியில் ஒரு சோற்றுப் பருக்கை, நெய்யில் மின்னிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள்.

உண்மையை எழுதுகிறேன். இரண்டு கவளம் வரை பேசாமல் இருந்தேன். இரண்டும் ருசியாக இருந்தன. மூன்றாவது இறங்கவில்லை.

"மச்சான், மீசையில சோறு. இடது பக்கம்."

துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு ஒனக்கும் இருந்துச்சு மாப்ள. பாத்தேன். மதுரைக்கு ஒன்னயக் கூட்டிட்டுப் போனவன் நானு. எந்த வாயால சொல்ல? சொன்னா எலையில இருந்து எந்திச்சுப் போயிருவேன்னு பயந்துட்டேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது டாக்டரின் எண்ணை அவருக்கு அனுப்பினேன். பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் பெத்தம்மாள் பெயரை அடித்தாயிற்று. முதல் பெயர் மச்சானுடையது; அதன் மேல் பேனா நிற்கிறது.

அன்று அவர் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேனா?

போயிருப்பேன்.